கடவுள் உருவம் பொறித்த பழங்காசை நேராகப் பிடிப்பது எப்படி?

பழங்காசு ஒன்று கைக்கு வந்தவுடன், அது எந்த அரசனுடையது, எந்தக் காலத்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் விடை காண வேண்டிய கேள்வி, இதன் உச்சி எது, அடி எது என்பதாகும். தலைகீழாகப் பிடித்த காசில் நந்தியின் திமில் வயிறாகத் தெரியும். தெய்வத்தின் தலைக்கு மேல் வளையும் திருவாசி படகாகத் தெரியும். எழுத்துகள் எந்த மொழிக்கும் பொருந்தாத கோடுகளாகிவிடும். அடையாளம் காண முடியாத காசு என்று ஒதுக்கப்பட்டவற்றில் கணிசமானவை, உண்மையில் நேராகப் பிடித்துப் பார்க்கப்படாத காசுகளே என்பது என் கருத்து. தெய்வ உருவங்கள் நிறைந்த தென்னிந்தியக் காசுகளை முதன்மையாகக் கொண்டு, இந்த நிலையறிதலைத் தொடக்க நிலையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

காசின் நிலை என்னும்போது இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே ஓர் உச்சி உண்டு. அது முதல் செய்தி. முன்பக்கத்தின் உச்சிக்கும் பின்பக்கத்தின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம் இரண்டாவது செய்தி. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள், முன்பக்கத்தை நேராக வைத்துவிட்டுக் காசை அப்படியே திருப்பி, பின்பக்கமும் தானாக நேராக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இன்று நம் கையில் புழங்கும் ரூபாய் நாணயத்தில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்காது. பழங்காசில் அதற்கு எந்த உறுதியும் இல்லை.

அச்சடித்த முறையே அதற்குக் காரணம். கீழ் அச்சைப் பட்டடையில் பொருத்தி, அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தே அக்காலத்தில் காசு செய்தார்கள். மேல் அச்சை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று காசு அடிக்கும் அக்கசாலையில் கட்டுப்பாடு இல்லாதபோது, அடிக்கு அடி கோணம் மாறியிருக்கும். அதோடு, வில்லை பெரும்பாலும் அச்சைவிடச் சிறியதாக இருந்ததால் அச்சில் வெட்டிய வடிவம் முழுவதும் காசில் விழவில்லை. தெய்வத்தின் முடியோ பாதமோ, எழுத்தின் முதல் வரியோ கடைசி வரியோ விளிம்புக்கு வெளியே போயிருக்கும். எஞ்சியிருக்கும் பகுதியை வைத்தே உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுத்து இருந்தால் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். உருவம் தேய்ந்து உருமாறக்கூடும். அதைப் பார்ப்பவரின் விருப்பமும் அதன் வடிவத்தை மாற்றிக் காட்டும். எழுத்தில் அந்த இடர்ப்பாடு குறைவு. விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509 முதல் 1529 வரை) வெளியிட்ட பொன் வராகனை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 3.4 கிராம் எடையும் சட்டைப் பொத்தான் அளவும் கொண்ட சிறிய காசு அது. ஒரு பக்கத்தில் வெண்ணெய் உருண்டையை ஏந்தி அமர்ந்திருக்கும் பாலகிருஷ்ணனும் அவன் இருபுறமும் சங்கு சக்கரங்களும் இருக்கின்றன. மறுபக்கத்தில் ‘ஸ்ரீ ப்ர’, ‘தாப க்ருஷ்ண’, ‘ராய’ என்று மூன்று வரிகளில் நாகரி எழுத்துகள் உள்ளன. வரிகளுக்கு இடையே கோடுகள் கிழிக்கப்பட்டிருக்கின்றன.

தொடக்க நிலையில் இருப்பவர் தடுமாறுவது இந்தக் கோடுகளில்தான். நாகரி எழுத்துகள் மேற்கோட்டிலிருந்து தொங்குபவை என்று கேள்விப்பட்டிருப்பார். வரிகளைப் பிரிக்கும் கோட்டையே அந்த மேற்கோடாகக் கருதிவிடுவார். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் எழுத்துகள் இருப்பதால், காசை எந்தப் பக்கம் திருப்பினாலும் எழுத்துகள் அதிலிருந்து தொங்குவதுபோலவே தோன்றும். ஆகவே கோட்டை விட்டுவிட்டு இரண்டு எழுத்துகளை மட்டும் தேட வேண்டும். முதல் வரியில் உள்ள ‘ஸ்ரீ’யின் ஈகாரக் குறி எழுத்தின் உச்சியில் கொக்கிபோல் வளைந்திருக்கும், நடுவரியில் உள்ள ‘க்ரு’வின் உயிர்க்குறி எழுத்தின் அடியில் கொக்கியாகத் தொங்கும். ஒன்று மேலே, மற்றொன்று கீழே. இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக அமையும் நிலை ஒன்றே ஒன்றுதான். முதல் வரி விளிம்போடு போய்விட்ட காசில் நடுவரியின் கொக்கியும், கடைசி வரி நடுவரியைவிடக் குறுகியது என்ற செய்தியும் கைகொடுக்கும்.

தமிழ் எழுத்துள்ள காசுக்கு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒரு வகையில் நந்தி படுத்திருக்கும். நந்திக்கு மேலே பிறை இருக்கும். கீழே ‘சேது’ என்ற மங்கலச் சொல் இருக்கும். அக்காலத் தமிழெழுத்தில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் தனித்தனிக் கொம்பு இல்லாததால், காசில் நமக்குத் தெரிவது ‘செது’ என்ற வடிவமே. அந்தக் கொம்பு சகரத்துக்கு இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். காசைத் தலைகீழாகப் பிடித்தால் கொம்பு வலப்பக்கம் போய்விடும். நந்தி முழுவதும் தேய்ந்து வெறும் மேடாகிவிட்ட செப்புக் காசில்கூட இந்தக் கொம்பு ஒன்று தெரிந்தால் போதும். உச்சி எது என்பதில் ஐயம் இராது.

அரபு எழுத்துள்ள காசுகளில் வேறொரு வழி உண்டு. அலிஃப், லாம் ஆகிய எழுத்துகளின் நெடுங்கோடுகள் வரியின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுவன. மொழி தெரியாதவரும் எந்தத் திசையில் இக்கோடுகள் கூட்டமாக நீண்டிருக்கின்றன என்று பார்த்து உச்சியைக் கண்டுகொள்ளலாம். ஷாஜகானின் ரூபாய் வகை ஒன்றில் சதுரத்துக்குள் இஸ்லாமிய நம்பிக்கை வாசகமான கலிமாவும், சதுரத்தின் நான்கு புறமும் நான்கு கலீபாக்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. சுற்றியுள்ள பெயர்கள் ஒவ்வொன்றும் தத்தம் பக்கத்துக்கு ஏற்பத் திரும்பியிருப்பதால், அவற்றை வைத்து நிலையை முடிவு செய்யக்கூடாது. நடுச்சதுரத்தில் இருக்கும் வாசகமே முடிவு செய்யும். எழுத்து விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும் எந்தக் காசுக்கும் இதே விதி பொருந்தும்.

எழுத்தே இல்லாத பக்கத்தில் உருவத்தைத்தான் நம்ப வேண்டும். அங்கேயும் முகத்தைத் தேடித் தொடங்குவது நல்லதன்று. காசில் மிக உயர்ந்து நிற்கும் பகுதி பெரும்பாலும் தெய்வத்தின் முகமாகவோ வயிறாகவோ இருக்கும். புழக்கத்தில் முதலில் தேய்வதும் அதுவே. தேய்ந்த மேட்டில் கண்ணையும் மூக்கையும் கற்பனை செய்துகொள்வது மிக எளிது. மாறாக, இடம் மாறாத துணைச் சின்னங்களைத் தேட வேண்டும். திருவாசி உருவத்தின் தலைக்கு மேல் வளைந்து கீழே திறந்திருக்கும். திருவேங்கடமுடையானைத் திருவாசியின் கீழ் நிற்பவராகக் காட்டும், விஜயநகரத்தின் கடைசி அரச மரபான ஆரவீட்டு மரபின் பொற்காசுகளில், உடல் தேய்ந்தாலும் இந்த வளைவின் ஒரு பகுதியாவது எஞ்சுவதுண்டு. பீடம் அடியில் கிடைக்கோடாக அமையும். வைணவ நாமம் அடியில் சேர்ந்து மேலே திறந்திருக்கும்; நாமத்தைச் சங்கு சக்கரத்தோடு பொறித்த நாயக்கர் காலச் செப்புக் காசுகளில் இந்த ஒரு குறிப்பே போதுமானது.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது சந்திர சூரியர் சின்னம் என்று நான் கருதுகிறேன். ஒரு கொடை ‘சந்திராதித்தவரை’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைத்திருக்க வேண்டும் என்று கல்வெட்டில் எழுதிய அதே மரபு, காசிலும் பிறையையும் கதிரவனையும் உருவத்துக்கு மேலே வைத்தது. முதலாம் இராசராசனின் செப்புக் காசில் நிற்கும் உருவத்துக்குப் பக்கத்தில் அடுக்கியுள்ள புள்ளிகளுக்கு மேலும் பிறை இருப்பதைக் காணலாம். அந்த வகைக் காசில் மனித உருவம் ஒரு சில தடித்த கோடுகளாகச் சுருங்கிவிட்டதால், புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை எது, கால் எது என்பதே விளங்காது. பிறையின் இரு கொம்புகளும் மேல்நோக்கியிருக்கும்படி காசைத் திருப்பினால் அந்தக் கோடுகள் உடனே மனித வடிவம் கொள்வதைக் காணலாம்.

சோதித்துப் பார்க்கத் தகுந்த மற்றொரு காசு, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த மூன்று சுவாமி வராகன். நடுவில் வேங்கடேசர், இருபுறமும் தேவியர் இருவர். உருவங்கள் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆனவை. இங்கே மூன்று குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நடு உருவம் மற்ற இரண்டையும்விட உயரமாக எழும், தலைகள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும், ஆடையைக் குறிக்கும் கோடுகள் அடிப்பகுதியில் ஓடும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறு நேரலாம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அதை உறுதியாக உச்சி எனலாம்.

இந்த ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்சும் ஒரு மேசை விளக்கும் போதும். ஆனால் விளக்கின் இடம் முக்கியமானது. ஒளி மேலிருந்தே வருகிறது என்று நம் கண் இயல்பாக எடுத்துக்கொள்ளும். விளக்கு கீழ்ப்பக்கம் இருந்தால், மேடாக உள்ள உருவம் பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றத் தொடங்கும். எனவே விளக்கைக் காசின் மேல் இடப்புறத்தில் சாய்வாக வைத்துவிட்டு, அதை அசைக்காமல், காசை மட்டும் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் கண்ணுக்குப் படாத கோடு வேறொரு நிலையில் நிழலோடு எழுந்து நிற்கும். செல்பேசியில் எடுத்த ஒரே படத்தைத் திரையில் சுழற்றிப் பார்ப்பவர்கள், படத்தோடு நிழலும் சேர்ந்து சுழல்வதை மறந்துவிடுகிறார்கள். அரைச்சுற்றுச் சுழற்றிய படத்தில் உருவம் குழிந்து தெரிவது இதனால்தான். நான்கு நிலைகளில் நான்கு படங்கள் எடுப்பதே முறை.

அடையாளம் தெரியவில்லை என்பதற்காகச் செப்புக் காசைப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்ப்பதை வன்மையாகத் தடுக்க விரும்புகிறேன். குத்துவிளக்குக்கு ஏற்ற அந்த முறை காசின் மேற்படலத்தை அரித்துவிடும். நாம் தேடுகிற மெல்லிய கொக்கியும் பிறையும் அந்தப் படலத்தோடு போய்விடும். ஒருமுறை போனால் எந்த லென்சாலும் திரும்பக் கிடைக்காது.

உச்சியும் அடியும் தெளிவான பிறகு, வலமும் இடமும் சரியா என்று பார்க்க வேண்டும். இங்கே தெய்வத்தின் வலப்பக்கம் என்பது நமக்கு எதிரே இடப்பக்கமாக இருக்கும். குறிப்பு எழுதும்போது யாருடைய வலம் என்பதைச் சொல்லாவிட்டால் படிப்பவர் குழம்புவார். திருமாலின் பொது வடிவத்தில் சக்கரம் அவருடைய வலக்கையிலும் சங்கு இடக்கையிலும் இருக்கும். விஜயநகர அரசர்களான இரண்டாம் ஹரிஹரர், முதலாம் தேவராயர் ஆகியோரின் பொற்காசுகளில் காணும் உமாமகேசுவர வடிவத்தில் உமை இறைவனின் இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பாள். நாம் பார்க்கும் படத்தில் இவை இடம் மாறியிருந்தால், எழுத்துள்ள பக்கத்தின் படத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தால், பெரும்பாலும் படம்தான் இடவலமாகப் புரண்டிருக்கிறது. செல்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்களில் இது அடிக்கடி நேர்கிறது. எழுத்து நேராக இருந்து சங்கும் சக்கரமும் மட்டும் மாறியிருந்தால், அச்சு வெட்டிய கைவினைஞரின் தவறாக அது இருக்கலாம். அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்டினால்தான் காசில் நேராக விழும் என்பதால், ஓரிடத்தில் அவர் கை தடுமாறியிருக்க இடமுண்டு. அத்தகைய காசைத் ‘திருத்தி’ப் படம் போடாமல், உள்ளபடியே பதிவு செய்ய வேண்டும்.

இனி இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள கோணத்துக்கு வருவோம். முன்பக்கத்தை நேராக வைத்து, காசின் உச்சியையும் அடியையும் இரு விரல்களால் விளிம்பில் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இப்போது பின்பக்கத்தின் உச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கடிகார முகப்பின் மணிகளால் குறிப்பது நாணயவியலார் வழக்கம். நேர் மேலே இருந்தால் 12 மணி, நேர் கீழே இருந்தால் 6 மணி, வலப்புறம் சாய்ந்திருந்தால் 3 மணி. இன்றைய இந்திய ரூபாய் 12 மணி நிலையில் அடிக்கப்படுகிறது. அமெரிக்க நாணயங்கள் 6 மணி நிலையில் அடிக்கப்படுகின்றன. பழங்காலத்திலும் ஒழுங்கைக் கடைப்பிடித்த அக்கசாலைகள் உண்டு. பைசாந்தியப் பேரரசின் பொற்காசுகளில் பெரும்பாலானவை 6 மணி நிலையில் இருப்பது, அங்கே அச்சுகளைப் பொருத்துவதில் கட்டுப்பாடு இருந்ததைக் காட்டுகிறது. ஆகவே ஒரே வகைக் காசுகள் பலவற்றின் கோணங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றை அடித்த அக்கசாலையின் நடைமுறை தெரியவரும். ஒரு காசின் கோணம் மட்டும் தனியாக எதையும் சொல்லாது.

எல்லாப் பக்கத்துக்கும் உச்சி உண்டு என்றும் நினைக்கக்கூடாது. மூன்று சுவாமி வராகனின் பின்பக்கம் நெருக்கமான சிறு புள்ளிகளால் மட்டுமே நிரம்பியது. அதற்கு மேல், கீழ் என்பதே இல்லை. கோணத்துக்கான இடத்தை வெறுமையாக விட வேண்டும், 12 மணி என்று எழுதி நிரப்பக்கூடாது. மைசூரின் ஹைதர் அலி, கர்நாடகத்து இக்கேரி நாயக்கர்களின் மரபைப் பின்பற்றிச் சிவனும் பார்வதியும் அமர்ந்திருக்கும் வராகனையே தொடர்ந்து வெளியிட்டார். பின்பக்கத்துப் புள்ளிகளின் நடுவே தம் பெயரின் முதல் அரபு எழுத்தை மட்டும் சேர்த்தார். அந்த ஓர் எழுத்தால் அந்தப் பக்கத்துக்கு உச்சி கிடைத்துவிட்டது.

வெள்ளி முத்திரைக் காசுகள் இன்னும் வேறுபட்டவை. கதிரவன், வேலியிட்ட மரம், பிறை தாங்கிய குன்று போன்ற சின்னங்கள் தனித்தனி முத்திரைகளால் தனித்தனியே குத்தப்பட்டவை. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுகள் போன்றவற்றைப் பார்ப்பவர்கள், காசு முழுவதற்கும் ஓர் உச்சியைத் தேடி வீணாகக் களைத்துப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி உச்சி; மரம் நேராக நிற்கும்போது குன்று சாய்ந்திருப்பதில் வியப்பில்லை. எந்தச் சின்னத்தை நேராக வைத்துப் படமெடுத்தோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

காசுமாலைக்காகவோ பதக்கமாகவோ வளையம் பற்றவைத்த பொற்காசுகளில் அந்த வளையமும் ஒரு குறிப்பாகும். அணிபவர் மார்பில் தெய்வம் நேராகத் தொங்கவேண்டும் என்பதால் பொற்கொல்லர் அதைத் தெய்வத்தின் தலைக்கு மேலேயே வைப்பார். ஆனால் வளையம் காட்டுவது அணிந்தவர் காலத்துப் புரிதலை மட்டுமே. உருவம் அப்போதே தேய்ந்திருந்தால் பொற்கொல்லரும் தவறியிருக்கலாம். ஆகவே இதை எழுத்துக்கும் பிறைக்கும் பிந்திய சான்றாகவே கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சந்தையில் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராமர் பட்டாபிஷேகத்தை ஒரு பக்கமும் அனுமனை மறுபக்கமும் கொண்ட வில்லைகள் ஊர்தோறும் விற்கப்படுகின்றன. இவற்றில் பழையவை, இராமடங்கா என்று அழைக்கப்படும் வழிபாட்டு வில்லைகள். புழக்கத்துக்கான நாணயங்கள் அல்ல. ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்ற வாசகத்தோடு இராமரையோ அனுமனையோ தாங்கி வருபவை, கம்பெனி என்றுமே அடிக்காத போலிகள். இத்தகைய வில்லையில் அனுமன் தலைகீழாக அமைந்திருந்தால் அதற்கு அரிசியை ஈர்க்கும் ஆற்றல் உண்டு, இலட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். கையால் அடித்த காசில் எந்தக் கோணமும் இயல்பானதே. அதனால் விலை கூடுவதில்லை. இயந்திரத்தில் அடித்த இன்றைய நாணயத்தில் கோணம் பிசகியிருந்தால் அது அச்சுப்பிழை. பிழைகளைச் சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவதுண்டு. இந்த இரண்டையும் கலந்து பேசி ஒருவர் காசை விற்க முன்வந்தால், மேலே சொன்ன முறையில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியையும் நீங்களே கண்டறிந்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காட்சிக்கு உள்ள மெய்யான காசுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேச்சைத் தொடருங்கள்.